பயண அறிக்கையின் ஒன்பதாவது பத்தி

ஆகஸ்ட் 29, வெள்ளி

பிற்பகல் மூன்று மணிக்குக் கல்வி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. எங்கள் பள்ளியின் அறிவியல் மாதிரி தேர்வாகிவிட்டது. அக்டோபரில் மூன்று மாணவிகளும் நானும் ஜப்பான் போகிறோம். தலைமையாசிரியை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். நான் ஒரு முறைதான் கேட்டேன். ஐம்பத்து நான்கு வயதிலும் எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

மாதிரிக்குப் பெயர் வைத்தது நான்: 'கை கழுவும் நீர், கழிப்பறைக்கு உயிர்.' மதியம் சாப்பிட்டபின் ஐந்நூறு பிள்ளைகள் கை கழுவும் தண்ணீர் வீணாகச் சாக்கடைக்குப் போகிறது. பத்தடி தள்ளிக் கழிப்பறையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. இடையில் ஒரு டிரம், கொஞ்சம் மணல், கரி, பழைய சைக்கிள் பெடல். மிதித்தால் தண்ணீர் மேல்தொட்டிக்கு ஏறும். யோசனை பத்தாம் வகுப்பு அனுசுயாவுடையது என்றாலும் அதற்கு ஒரு வடிவம் கொடுத்தது நான். கழிப்பறைக்கு எந்த நேரத்தில் எத்தனை வாளி செலவாகிறது, தண்ணீர் வராத நாளில் எத்தனை பிள்ளைகள் காலையிலிருந்து வாயில் தண்ணீரே படாமல் இருக்கிறார்கள் என்றெல்லாம் அவள் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு நுணுக்கம் எப்படி வந்தது என்று நடுவர் ஒருவர் கேட்டார். நல்ல வழிகாட்டுதல் சார் என்றேன்.

மற்ற இருவர் ஹர்ஷினியும் ஷிபானாவும். ஹர்ஷினி பஜாரில் பெரிய ஜவுளிக்கடைக்காரர் மகள். அவள் அப்பாதான் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். ஷிபானா பதினொன்றாம் வகுப்பு, ஆங்கிலம் தண்ணீர்பட்டபாடு.

தென்காசிப் பக்கத்து அரசுப் பெண்கள் பள்ளி ஒன்றிலிருந்து ஜப்பான். வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னபோது, "நீயா?" என்றார். முப்பது வருடத்தில் அவர் கேட்ட மிகச் சுருக்கமான கேள்வி. இரண்டு முறை தூய்மைப் பள்ளிக் கேடயம் வாங்கிக் கொடுத்தவள் நான்தானே, வேறு யார் போவார்கள்?

செப்டம்பர் 6, சனி

பெற்றோர் கூட்டம். ஹர்ஷினியின் அப்பா ஒரு மணி நேரம் பேசினார். சாப்பாடு, குளிர், பாதுகாப்பு, தீபாவளிக்கு முந்தின நாள் கட்டாயம் ஊர் திரும்பிவிட வேண்டும். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன்.

அனுசுயாவின் அம்மா மாடத்தி வேலை முடிந்து பச்சைச் சட்டையோடு அப்படியே வந்திருந்தாள். பேரூராட்சியில் தூய்மைப் பணி. உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சொன்னது சொன்னதுதான், அவள் உட்காரவில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்? படிவத்தில் கையெழுத்து வாங்க நானே எழுந்து வாசலுக்குப் போனேன். எல்லோரும் போனபின் மெல்லக் கேட்டாள்.

"டீச்சர், ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீங்க. அங்கன போயி இவள எந்த வேலைக்கும் ஏவிராதீங்க."

என்ன வேலை, படிக்கத்தானே கூட்டிப் போகிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு நின்றுகொண்டே இருந்தாள். சரி, துடைப்பத்தைக்கூட அவள் தொட மாட்டாள், என் பொறுப்பு என்று சொன்னபிறகுதான் போனாள். இந்த அம்மாக்களுக்கு எதைக் கண்டாலும் பயம்.

செப்டம்பர் 24, புதன்

மூன்று பாஸ்போர்ட்டும் வந்துவிட்டன. அனுசுயா அதைப் பிரித்து முகர்ந்து பார்த்தாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

விடுமுறையிலும் பிள்ளைகளை வரவழைத்துப் பயிற்சி. அங்குள்ள மாணவர்கள் கேட்கக்கூடிய பன்னிரண்டு கேள்விகளை எழுதி, ஆங்கிலத்தில் பதிலும் எழுதி, மனப்பாடம் செய்யச் சொன்னேன். ஏழாவது கேள்வி, உங்கள் பள்ளிக் கழிப்பறையை யார் பராமரிக்கிறார்கள்? பதில், எங்கள் சுற்றுச்சூழல் மன்ற மாணவிகள் சேவை மனப்பான்மையோடு பராமரிக்கிறார்கள். மன்றத்தின் பொறுப்பாசிரியை நான். அனுசுயா மற்ற பதினொன்றையும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். ஏழாவதில் மட்டும் திக்கினாள். 'சேவை மனப்பான்மை' கொஞ்சம் பெரிய சொல்தான்.

கழிப்பறைச் சாவி ஆறாம் வகுப்பிலிருந்தே அவளிடம்தான் இருக்கிறது. பணியாளர் ஓய்வுபெற்றுப் போனபின் வேறு ஆள் போடவில்லை. எப்படியோ அந்தப் பொறுப்பு அவளிடம் வந்து சேர்ந்தது. ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. நாங்கள் ஊரில் இல்லாத நாட்களில் சாவியை யாரிடம் கொடுப்பது என்று இன்று தலைமையாசிரியை கேட்டார். இருவரும் வெகுநேரம் யோசித்தோம். ஒரு பெயரும் தோன்றவில்லை.

அலுவலகத்திலிருந்து ஒரு உத்தரவு: திரும்பி வந்ததும் 'வெளிநாட்டுக் கல்விப் பயணத்தால் மாணவர் அடையும் பயன்கள்' என்று அறிக்கை தர வேண்டும். அதை வைத்துத்தான் அடுத்த வருடம் மாவட்டத்திலிருந்து இருபது பிள்ளைகளை அனுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுப்பார்களாம். நல்லாசிரியர் பட்டியலில் என் பெயர் இருப்பதையும் அலுவலகக் கண்காணிப்பாளர் காதோடு காதாகச் சொன்னார். அறிக்கையில் பத்துப் பயனாவது எழுதுவேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

வந்து சேர்ந்தோம். தூத்துக்குடி, சென்னை, சிங்கப்பூர், ஒசாகா. அங்கிருந்து ரயிலில் ஒகாயாமா, பிறகு ஒரு மணி நேரம் காரில். ரயிலில் யாரும் பேசுவதில்லை. எங்கள் நால்வரின் குரல்தான் பெட்டி முழுக்கக் கேட்டது. கடைசியில் நானே அடக்கிக்கொண்டேன், பெரிய தியாகம்.

சிங்கப்பூரில் விமானம் ஏறக் கூப்பிட்டாயிற்று, அனுசுயாவைக் காணோம். வந்த வழியெல்லாம் திரும்பி ஓடினேன். பார்த்தால் கழிப்பறையில், கையை நீட்டினால் தானே தண்ணீர் விடும் குழாய்க்கு அடியில் குனிந்து, கழிவு நீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். காதைத் திருகலாமா என்று வந்தது. ஆனால் விமானத்தில் உட்கார்ந்ததும் அவள் வரைந்து காட்டிய படத்தைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. எத்தனை பேர் அந்தக் குழாயில் கை கழுவிவிட்டுப் போயிருப்பார்கள், ஒருவராவது குனிந்து பார்த்திருப்பார்களா?

பயன் ஒன்று: கூர்ந்து நோக்கும் திறன்.

அக்டோபர் 13, திங்கள்

இன்று இங்கே விடுமுறை. ஒரு கோட்டை, ஒரு தோட்டம் பார்த்தோம். முழங்கால் வலி. எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் உடைந்து என் நல்ல புடவையில் கொட்டிவிட்டது.

எங்களுக்கு மொழிபெயர்க்க அமர்த்தப்பட்டிருக்கும் குமுதா ஈரோட்டுப் பெண். கணவருக்கு இங்கே வேலை. அவள் மகன் நாங்கள் போகப்போகும் பள்ளியில்தான் படிக்கிறானாம். டீச்சரம்மா டீச்சரம்மா என்று நன்றாகப் பழகுகிறாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

பள்ளிக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றி அடுக்குப் பெட்டியில் வைத்துவிட்டு உள்ளே போட வேறு செருப்பு தருகிறார்கள். பயன் இரண்டு, ஒழுங்கு. மதியச் சாப்பாட்டைப் பிள்ளைகளே வெள்ளை மேலங்கி, தொப்பி போட்டுக்கொண்டு பரிமாறுகிறார்கள். ஆசிரியருக்கும் அதே சோறு, அதே பெஞ்சு. பயன் மூன்று, சமத்துவம். இந்த வேகத்தில் பத்து என்ன, இருபதே தேறும் என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டுக்குப்பின் ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு போட்டார்கள். அத்தனை பிள்ளைகளும் எழுந்தார்கள். மேசைகள் ஓரம் போயின. ஆளுக்கொரு துணி, துடைப்பம், வாளி. தலைமையாசிரியர் மொரிதா கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுப் படிக்கட்டைத் துடைக்க உட்கார்ந்தார். தினமும் இருபது நிமிடம் இப்படித்தானாம். வகுப்பறை ஒரு குழு, நடைவழி ஒரு குழு, கழிப்பறை ஒரு குழு. வாரம் ஒரு முறை மாறும். யாருக்கும் விலக்கில்லை.

எங்கள் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று குமுதா மூலம் கேட்டார்கள். ஹர்ஷினியும் ஷிபானாவும் குதித்துக்கொண்டு போனார்கள். அனுசுயாவுக்குத் தோழியாகக் கொடுத்திருந்த பெண்ணின் குழுவுக்கு இந்த வாரம் கழிப்பறை. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஒரு பிரஷை நீட்டினாள். அனுசுயா கையை நீட்டிவிட்டாள்.

நான் குறுக்கே போய்த் தடுத்தேன். இவளுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லச் சொன்னேன். குமுதா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னாள். பிரஷ் ஹர்ஷினி கைக்குப் போனது.

மாடத்திக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அது மட்டுமல்ல, அனுசுயா கையில் கழிப்பறைப் பிரஷோடு ஒரு போட்டோ ஊருக்குப் போனால் என்ன ஆகும்? மாணவியைக் கழிப்பறை கழுவ வைத்தால் நம் ஊரில் வேலை போய்விடும். நான் செய்தது சரிதான். நம் பள்ளியில் நடப்பது வேறு, அது அவளே விரும்பிச் செய்த பொறுப்பு.

இருபது நிமிடம் அனுசுயா நடைவழியில் சுவரோடு ஒட்டி நின்றாள். நானூறு பிள்ளைகள் குனிந்து துடைக்க, அவள் ஒருத்தி மட்டும் நிமிர்ந்து நின்றாள். துடைத்துக்கொண்டே வந்தவர்கள் அவள் காலைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் தங்குமிடத்துக்கு வந்து நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"என்னைய மட்டும் ஏன் டீச்சர் நிக்க வச்சீங்க?"

உன் அம்மா சொன்னதால்தான் என்றேன்.

"அம்மா சொன்னது வேற டீச்சர். நம்ம ஸ்கூல்ல நான் மட்டும் கழுவுதேன். இங்க நான் மட்டும் கழுவல. எனக்கு ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருந்துச்சு."

வாய் நீளக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன். சத்தமாகத்தான் சொன்னேன். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தேன். நாளைக்குப் போட வேண்டிய புடவையை எடுத்து வைக்க மறந்துவிட்டேன்.

அக்டோபர் 15, புதன்

இன்று மதியம் பாட்டு போட்டதும் அனுசுயா என்னைக் கேட்கவில்லை. பிரஷை வாங்கிக்கொண்டு போனாள். நானும் தடுக்கவில்லை. ஹர்ஷினியும் கூடவே போனாள், நேற்று பழகிய வேலை பார்.

கழிப்பறை வாசலில் நின்று பார்த்தேன். ஹர்ஷினி துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தண்ணீரைத் தன் மேலேயே வாரி இறைத்துக்கொண்டாள். பதினைந்து வயதுவரை அதைக் கையால் தொட்டதில்லை என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. அனுசுயா சிரித்தாள். நான்கு ஐந்து பேர் சேர்ந்து சிரித்தார்கள். அவள் இப்படிச் சத்தமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஐந்து வருடமாக என் கண் முன்னால் இருக்கிற பிள்ளை.

திரும்பினால் மொரிதா ஒரு துணியை என்னிடம் நீட்டிக்கொண்டு நிற்கிறார். முழங்கால் வலி என்று சொல்ல நினைத்தேன். ஜப்பானிய மொழியில் முழங்காலுக்கு என்ன என்று தெரியவில்லை, குமுதாவும் பக்கத்தில் இல்லை. படிக்கட்டில் ஏழு படி துடைத்தேன். அந்த மனிதர் எனக்கு ஆறு வயது மூத்தவர், பதினைந்து படி துடைத்தார்.

கேடயம் இரண்டு வாங்கிய பள்ளியில் இருபத்தெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். அங்கே ஒரு படியைத் துடைத்ததாக நினைவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

காலை முழுக்கப் பிள்ளைகளுக்குத் தலை பின்னிப் பூ வைக்க (துணிப் பூதான், மல்லிகைக்கு எங்கே போவது) நேரம் போய்விட்டது. பத்து மணிக்கு மாதிரி விளக்கம். உடற்பயிற்சிக் கூடத்தில் நானூறு பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஷிபானா தொடங்கினாள், ஹர்ஷினி பெடலை மிதித்தாள், அனுசுயா தண்ணீர் போகும் பாதையைச் சொன்னாள். சொன்னாள் என்பது சரியில்லை. அத்தனை பேரையும் கையைப் பிடித்து அந்தக் குழாய்க்குள் கூட்டிக்கொண்டு போனாள். தட்டுத் தடுமாறிய ஆங்கிலம்தான், ஆனால் ஒரு பிள்ளை அசையவில்லை. கழிப்பறையில் தண்ணீர் இல்லாததால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் சிறுமிகளைப் பற்றி அவள் சொன்னபோது மொரிதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் பிள்ளை என்று எழுந்து நின்று கத்த வேண்டும்போல இருந்தது எனக்கு.

பிறகு கேள்விகள். குமுதாவின் மகன் வயதிருக்கும் ஒருவன் கையைத் தூக்கினான். உங்கள் பள்ளிக் கழிப்பறையை யார் சுத்தம் செய்கிறார்கள்?

அனுசுயா என்னைப் பார்த்தாள். நான் உதட்டை அசைத்தேன், சுற்றுச்சூழல் மன்றம், சேவை மனப்பான்மை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அந்தப் பையன் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழில் சொன்னாள்.

"நான் கழுவுதேன். ஆறாப்புல இருந்து நான் மட்டும். அதனாலதான் தண்ணி எங்க வீணாப் போகுதுன்னு எனக்குத் தெரியும்."

குமுதா உடனே மொழிபெயர்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டியிருக்கலாம், அதற்கு நேரம் இருந்தது. நான் ஆட்டவில்லை. குமுதா சொன்னாள்.

நானூறு பேரும் கை தட்டினார்கள். ஒரு பெண் தன் பள்ளிக்காகத் தனியாளாக இவ்வளவு உழைத்திருக்கிறாள் என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். கைதட்டல் நிற்க வெகுநேரமாயிற்று. அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தக் கூடத்தில் ஐந்து பேருக்குத்தான் தெரியும். ஹர்ஷினி பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஷிபானா அனுசுயாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். குமுதா கை தட்டவில்லை. நான் தட்டினேன். எதற்குத் தட்டினேன் என்று கேட்டால், அவளுக்காகத்தான். வெட்கத்தில் முகம் எரிந்துகொண்டிருக்கும்போதே பெருமையாகவும் இருக்க முடியும் என்று எனக்கு இதற்குமுன் தெரியாது.

அக்டோபர் 19, ஞாயிறு

ஊர் வந்து சேர்ந்தோம். மழை.

ஹர்ஷினியின் அப்பா காரோடு நின்றிருந்தார், மகளைக் கட்டிக்கொள்வதற்கு முன்பே என் மேல் பாய்ந்தார். ஹர்ஷினி கழிப்பறையில் துடைப்பத்தோடு நிற்கும் போட்டோ எப்படியோ அவர் செல்போனுக்கு வந்துவிட்டது. என் மகளைக் கக்கூஸ் கழுவவா இவ்வளவு தூரம் கூட்டிப்போனீர்கள், கலெக்டரிடம் போவேன் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ஹர்ஷினி முந்திக்கொண்டாள்.

"அனு அஞ்சு வருசமா கழுவுதா, நீங்கதான தலைவர், ஒருநாளாவது கேட்டீங்களாப்பா?"

அவர் காரில் ஏறிவிட்டார்.

மாடத்தி தள்ளி நின்றிருந்தாள். மகளின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று கிட்டே போனேன். பிள்ளை நன்றாகப் பேசினாள் என்று மட்டும் சொன்னேன். சரி டீச்சர் என்றாள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அதிரசம் சரியாக வரவில்லை.

அக்டோபர் 25, சனி

அறிக்கை எழுத உட்கார்ந்தேன். எட்டுப் பயன்கள் மளமளவென்று வந்தன. கூர்ந்து நோக்குதல், ஒழுங்கு, சமத்துவம், நேரம் தவறாமை, மொழியார்வம், தன்னம்பிக்கை, கூட்டு முயற்சி, சுற்றுச்சூழல் உணர்வு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி, ஒரு போட்டோ. படித்துப் பார்த்தால் எனக்கே பிடித்திருந்தது.

ஒன்பதாவதை மத்தியானம் வரை எழுதி எழுதி அடித்தேன். அவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டைத் தானே போட்டுக்கொண்டார். கடைசியில் எழுதியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

'ஒன்பது: இப்பயணத்தால் அதிகம் கற்றுக்கொண்டவர் பொறுப்பாசிரியர். எங்கள் பள்ளிக் கழிப்பறைகளை ஐந்து ஆண்டுகளாகக் கழுவி வந்தவர் மாணவி அனுசுயா. பள்ளி பெற்ற இரு கேடயங்களும் அவருடைய உழைப்பு. அப்பொறுப்பை அவர் விரும்பி ஏற்கவில்லை. ஆறாம் வகுப்பில் அவர் சேர்ந்த வாரம், விண்ணப்பத்தில் தாயின் தொழில் என்ற கட்டத்தைப் பார்த்துவிட்டு, அவரைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தவர் இவ்வறிக்கையை எழுதும் செ. செண்பகவல்லி ஆகிய நான்.'

எப்படியோ அவளிடம் வந்து சேர்ந்தது என்று இந்த நோட்டில் முன்னால் எழுதியிருக்கிறேன். எப்படியோ இல்லை. அன்றைக்கு அவளுக்குப் பதினொரு வயது. புதிதாகச் சேர்ந்தவர்களின் வரிசையில் நாற்பத்து மூன்று பிள்ளைகள் நின்றார்கள்.

பணியாளர் கேட்டு மனுவும் எழுதினேன். ஐந்து வருடத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டியது. வேலைதான் நடந்துகொண்டிருந்ததே.

அக்டோபர் 27, திங்கள்

காலையில் அனுசுயாவிடம் சாவியைக் கேட்டேன். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். என் மேல் தப்பு என்று சொன்னேன். வகுப்பறை வாசலில், ஹர்ஷினியும் இன்னும் நான்கைந்து பேரும் நிற்கும்போதே சொன்னேன். தனியாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ளக் கூடாது என்று வீட்டிலிருந்தே முடிவு செய்து வந்திருந்தேன். அவள் பரவால்ல டீச்சர் என்று சொல்லவில்லை. மணி அடித்துவிட்டது, உள்ளே போனாள்.

அக்டோபர் 31, வெள்ளி

கண்காணிப்பாளர் போன் செய்தார். அறிக்கை பிரமாதம், ஒன்பதாவது பத்தியை மட்டும் எடுத்துவிட்டு வேறு அனுப்பச் சொன்னார். அது இருந்தால் விசாரணை வரும், பட்டியலில் உங்கள் பெயர் நிற்காது, அடுத்த வருடப் பயணமும் அடிபடலாம், இருபது பிள்ளைகளின் வாய்ப்பு என்றார். கடைசியாகச் சொன்னதுதான் வலித்தது. நல்ல மனிதர், என் நல்லதுக்குத்தான் சொல்கிறார்.

எடுக்க மாட்டேன் சார் என்றேன். அந்தப் பத்தி இல்லாமல் போனால் அந்த இருபது பிள்ளைகளும் ஊரைப் பார்த்துவிட்டு மட்டும்தான் வருவார்கள் என்றும் சொன்னேன். அவருக்குப் புரிந்ததா தெரியாது. உங்கள் இஷ்டம் என்று வைத்துவிட்டார்.

பணியாளர் வரும்வரை பேரூராட்சியிலிருந்து வாரம் மூன்று நாள் ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மாடத்தியை அனுப்ப வேண்டாம் என்று நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

நவம்பர் 5, புதன்

பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை. விசாரணைக் கடிதம் வந்திருக்கிறது, பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். தலைமையாசிரியை என்னோடு பேசுவதில்லை. பயணம் பற்றி இன்னும் ஒரு முடிவும் சொல்லவில்லை. வீட்டில் அவர் மட்டும் ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டு அப்பளம் கூடுதலாகப் பொரித்து வைத்திருந்தார்.

நவம்பர் 7, வெள்ளி

இரண்டு நாளாக விடாத மழை. பிள்ளைகளில் பாதிக்குக் காய்ச்சல். பத்தாம் வகுப்பில் இதயத்தின் படத்தைப் போர்டில் வரைந்து, வரையச் சொல்லிவிட்டு நடந்துகொண்டிருந்தேன். முன் பெஞ்சில் ஒருத்தி எழுந்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள், அதற்குள் வாந்தி எடுத்துவிட்டாள். தரை, பெஞ்சு, பை எல்லாம்.

வகுப்பு மொத்தமும் ஒரே பக்கம் திரும்பியது. அத்தனை தலைகளும் மூன்றாவது பெஞ்சைப் பார்த்தன. என் தலையும் திரும்பியது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஒன்பதாவது பத்தி எழுதிய கை காய்வதற்குள் என் தலை திரும்பியது.

அனுசுயா நிமிர்ந்தாள். நாற்பது முகங்களையும் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. ஸ்கேலை வைத்து அடுத்த கோட்டைப் போட்டாள்.

நான் அந்தப் பிள்ளையை ஓரமாக உட்கார வைத்து முகத்தைக் கழுவிவிட்டேன். வெளியே போய்க் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலில் ஒரு சட்டி அள்ளி வந்தேன். புடவையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். ஷூ, செருப்பு, வெறுங்கால் எல்லாம் என்னைச் சுற்றி விலகின. மணலைப் போட்டு வாரினேன். ஹர்ஷினி வாளியில் தண்ணீரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டீச்சர்," என்றாள் அனுசுயா, இடத்தில் உட்கார்ந்தபடியே. "நுரையீரல்ல இருந்து ரத்தம் எந்தப் பக்கமா உள்ள வருது? இடமா, வலமா?"

இருபத்தெட்டு வருடத்தில் எத்தனை ஆயிரம் கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருப்பேன். ஒன்றுக்கும் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை. துணியைப் பிழிந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல் இடப்பக்கம் என்றேன். அவள் போட்டிருந்த அம்புக்குறியை ரப்பரால் அழித்துவிட்டுத் திருத்திப் போட்டாள்.